பிளீச்சிங் பவுடர் மரியாதை

உலகத்தைக் காப்பாற்றுவதற்காகக் கடல் கடந்து வந்தவர்கள் எங்கள் தெருவில் அரை மணி நேரம் கூட இருந்திருக்க மாட்டார்கள். அந்த அரை மணி நேரத்துக்காக நாங்கள் பட்ட பாட்டில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம். கல்யாணம் என்றால் கடைசியில் ரசமாவது மிஞ்சும். இதில் மிஞ்சியது ஒரு கேடயமும் நான்கு தொட்டி நிறையச் செத்த புழுக்களும்தான்.

எங்கள் தெரு அடையாற்றில் இருக்கிறது. ஆறு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கத் தேவையில்லை, காற்று திரும்பும்போது மூக்கு சொல்லிவிடும். தெரு முனையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்று உண்டு. ஊஞ்சலில் சங்கிலி மட்டும் இருக்கும், பலகை இருக்காது. அந்தப் பூங்காவின் மூலையில் நான்கு சிமெண்ட் தொட்டிகள். அவைதான் இந்தக் கதைக்கு மூலம்.

சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய மனிதர் தெருவுக்கு வருகிறார் என்றால் செய்தித்தாள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்தால் சாலையின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்திருக்கும். கோலம் அல்ல, பிளீச்சிங் பவுடர். அமைச்சர் வந்தாலும் சரி, மண்டல அதிகாரி வந்தாலும் சரி, பவுடர் போட்டாக வேண்டும். அதனால் கொசு சாகுமா, கிருமி சாகுமா என்று யாரும் கேட்டதில்லை. அது கிருமிக்காகப் போடுவதே இல்லை. கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி அது ஒரு மரியாதை. கோடு எவ்வளவு தடிமனோ, வருகிறவர் அவ்வளவு பெரியவர்.

என் வீட்டுக்காரர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன். ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றார் டாக்டர். நன்றாக நடந்ததோ என்னவோ, வீட்டுக்கு வந்தவர் நடக்கவில்லை. ஹாலில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்து டிவியைப் பார்ப்பார். டிவி ஓடாது. போடட்டுமா என்றால் வேண்டாம் என்பார். சாப்பிடுகிறீர்களா என்றால் சரி என்பார். போதுமா என்றால் போதும் என்பார். ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். நானும் வாக்கிங் போங்கள், கோயிலுக்குப் போங்கள், யாரிடமாவது சண்டையாவது போடுங்கள் என்று கத்திப் பார்த்தேன். மனிதர் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் பூங்காவில் மண்புழு உரம் தயாரிப்பது எப்படி என்று செய்து காட்டினார்கள். காய்கறி வாங்கப் போகும்போது இவரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். பேசி முடித்துவிட்டு, புழுக்களை இலவசமாகத் தருகிறோம், யாருக்கு வேண்டும் என்று கேட்டார்கள். வந்திருந்த அத்தனை பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். இவர் மட்டும் கையை நீட்டினார். சுற்றுச்சூழல் அக்கறை ஒன்றும் இல்லை. இலவசம் என்று சொன்னால் வாங்கிக்கொள்வது அவர் பிறவிக் குணம்.

அன்றிலிருந்து மனிதர் மாறிவிட்டார். வாங்கின புழுவைப் பூங்காவின் அந்த நான்கு தொட்டிகளில் விட்டார். விடிந்ததும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார். வீட்டுக்கு வீடு போய்க் காய்கறித் தோலைக் கேட்டு வாங்குவார். வாழைப்பூ மடலுக்காக மேல் மாடி அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவார். என்னிடம் அரை மணி நேரம் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. தொட்டியை மூடியிருக்கிற ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு நல்லா பெருகியிருக்கு" என்பார். பேரன் பிறந்த செய்தியைக் கூட இவ்வளவு சந்தோஷமாக அவர் சொன்னதில்லை.

அதோடு விட்டாரா? யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு டிபன் பாக்ஸில் மண்ணும் புழுவும் போட்டு எடுத்துப் போவார். தி.நகரில் என் தங்கை மகளுடைய கிரகப்பிரவேசம். எல்லோரும் வெள்ளிக் குத்துவிளக்கு, குக்கர் என்று கொடுக்கிறார்கள். இவர் டிபன் பாக்ஸை நீட்டினார். அந்தப் பெண் ஏதோ அல்வா என்று நினைத்து மூடியைத் திறந்துவிட்டு வைத்த கூச்சலில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். மானம் போயிற்று. ஊரூர் குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாவுக்கும் ஒரு டப்பா கொடுத்தார். அந்த அம்மா சங்கடத்தோடு வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டாள். தெரு திரும்பியதும் கொட்டியிருப்பாள் என்று நான் நினைத்தேன்.

எனக்குப் புழு என்றால் அருவருப்புதான், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் பிரம்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒரு வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் ஓய்வு பெற்றவர்தான், ஆனால் பதவி அவரைவிட்டு ஓய்வு பெறவில்லை. நான்கு வருஷமாக என் வீட்டுக்காரர் புழுவோடு புழுவாகக் கிடந்தபோது அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நாற்றம் வருகிறது என்று இரண்டு தடவை வாட்ஸ்அப் குழுவில் புகார் போட்டார். ஒரு நாள் அதே குழுவில் ரோஜாப்பூ படங்களோடு ஒரு செய்தி வந்தது. நம் பூங்காவின் உரத் தொட்டிகளைப் பார்வையிட ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு வருகிறது. "நமது சங்கத்தின் நெடுநாள் உழைப்புக்குக் கிடைத்த அங்கீகாரம்." உழைத்தது சங்கமாம். அடிபம்பை அடித்தவன் ஒருத்தன், குடத்தை நிரப்பிக்கொண்டவன் வேறொருத்தன்.

விஷயம் என்னவென்றால் வருகிறவர்களுடைய ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஏதோ ஒப்பந்தம் ஆகியிருந்தது. இரண்டும் சகோதரி நகரங்களாம். இரண்டும் சேர்ந்து சுற்றுச்சூழலைக் காக்குமாம், நீடித்த வளர்ச்சி காணுமாம். அக்கா தங்கை என்றால் சரி, அதில் யார் அக்கா என்று நான் கேட்டேன். தலைவர் முறைத்தார். எனக்கு விடை தெரியும். வந்து பார்த்து மார்க் போடுகிறவள் அக்கா. வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறவள் தங்கை.

வரவேற்பு ஏற்பாட்டுக்கு மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று எழுதிய ஃப்ளெக்ஸ் பேனர் எத்தனை அடி என்பதில் ஒரு சண்டை. விருந்தினர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் பாட்டில், அதிலும் குட்டிப் பாட்டில்தான் பார்க்க அழகு என்று முடிவாயிற்று. பூங்கொத்துகள் பளபளக்கிற பாலிதீனில் சுற்றி மயிலாப்பூரிலிருந்து வர வேண்டும். பொருளாளர் மாமி எழுந்து, "எங்காத்துல வாழையிலைத் தொன்னை நிறைய இருக்கு, பானகம் கரைச்சுண்டு வந்து அதுல குடுக்கலாமே" என்றாள். கூட்டத்தில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான். வெள்ளைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும் என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

குப்பைத் தொட்டி விஷயம் தனிக் கூத்து. எங்கள் தெருவுக்கு நடுவில் ஒரு பெரிய பச்சைத் தொட்டி உண்டு. விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று அதை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட்டோம். அடுத்த தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளே அது எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தது, கூடவே அவர்கள் குப்பையும் வந்தது. இரண்டு தெருவுக்கும் ஒப்பந்தம் கிடையாது. இரண்டு நாட்டு ஊர்களுக்கு மட்டும் ஒப்பந்தம் எப்படித்தான் ஏற்பட்டதோ.

இத்தனையிலும் என் வீட்டுக்காரர் மட்டும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் எல்லாவற்றையும் கேலி செய்துகொண்டிருந்தேன். அவரோ தனியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் நான்கு வரி பேசிப் பார்த்துக்கொண்டார். துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்த மனிதர். ஆனால் அவரைப் பார்க்க என்று யாரும் வந்ததில்லை. "சாக்கை விலக்கினவுடனே ஓடி ஒளிஞ்சிரும். மெதுவா கையில எடுத்துக் காட்டணும்" என்றார். முதல் நாள் மாலையில் அவரே போய் ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சாக்கைப் போர்த்திவிட்டு வந்தார். குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு வருகிற மாதிரிதான் வந்தார்.

விடிந்தது. நான் வாசலில் தண்ணீர் தெளிக்க வந்தேன். தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. கோடா அது? ஒரு முழம் அகலம் இருக்கும். கண் எரிந்தது. மரத்தடி, மின்கம்பம், சாக்கடை மூடி எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு இதுவரை வந்த எந்தப் பெரிய மனிதருக்கும் இவ்வளவு தடிமனாகப் போட்டதில்லை. சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிகள் நினைவுக்கு வந்தன. பக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டுப் பூங்காவுக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். நான்கு தொட்டியிலும் சாக்கை எடுத்துச் சுருட்டி ஓரத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே எருவே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று பவுடர். தூசி பறக்காமல் இருக்க மேலே தண்ணீரும் தெளித்திருந்தார்கள். விளிம்பில் ஏறித் தப்பிக்கப் பார்த்த புழுக்கள் சிமெண்டின் மேல் நூல் நூலாகக் கிடந்தன. அவர் கையை உள்ளே விட்டுக் கிளறினார். அடியிலும் அதே கதைதான். கை வெந்துவிடும், எடுங்கள் என்றேன். அவர் காதில் விழவில்லை.

துப்புரவு மேஸ்திரி பூங்கா வாசலில் காலி மூட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். பத்து வருஷமாக எங்களுக்குப் பழக்கம், தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு சாப்பிடுகிறவர். நான் பத்ரகாளி மாதிரி அவர் முன்னால் போய் நின்றேன்.

"யாருய்யா தொட்டிக்குள்ள பவுடரைக் கொட்டினது?"

"நான்தாம்மா. இன்னாமா ஆச்சு?" என்றார் அவர். முகத்தில் பெருமை இன்னும் போகவில்லை. "ரோட்டுக்குத்தான் ஆர்டர். ஆனா ஃபாரின்காரங்க பாக்கப் போறது சாரோட தொட்டிய. சாரு எங்களாண்ட எவ்ளோ மரியாதையா பேசுவாரு! அவரு தொட்டிக்குக் கொறை வெக்கலாமா? பசங்களாண்ட வுடாம நானே நின்னுகினு போட்டேம்மா. ஒரு புழு பூச்சி இல்லாம சுத்தமா கீது பாருங்க."

ஒரு புழு பூச்சி இல்லாமல். திட்டுவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கெட்ட எண்ணத்தில் செய்தவனை நாலு வார்த்தை கேட்கலாம். பாசத்தில் செய்தவரை என்ன கேட்பது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். இங்கே பிள்ளையாரே செத்துப்போனார்.

தலைவர் பட்டு ஜிப்பாவில் வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். தொட்டியை எட்டிப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். "நல்லவேளை, நாத்தம் இல்ல" என்றார். பிறகு ஆள்விட்டு மேலே இருந்த வெள்ளையை வழித்தெடுக்கச் சொல்லி, நாலு கூடை காய்ந்த இலையைக் கொட்டி மூடினார். "ஃபோட்டோவுக்கு இது போதும்." என் வீட்டுக்காரர் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

பத்து மணிக்கு ஏசி பஸ் வந்தது. வந்து நின்ற பிறகும் இன்ஜினை அணைக்கவில்லை, உள்ளே குளிர் போய்விடுமாம். அந்தப் புகை பூங்கா முழுக்கப் பரவியது. இறங்கினவர்களுக்குச் சந்தனம், குங்குமம், பாலிதீன் பூங்கொத்து, குட்டிப் பாட்டில். தலைவர் ஒரு பேச்சுப் பேசினார். பூமி நம் தாய் என்றார். பெற்ற தாயைத் திருவான்மியூரில் எந்த முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார் என்பது தெரு முழுக்கத் தெரியும்.

குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவள் நரைத்த கிராப்புத் தலையோடு உயரமாக ஒரு பெண்மணி. பருத்திச் சேலையை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். அவள் நேரே தொட்டிக்கு வந்து, புழுக்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அந்த நான்கு வரி ஆங்கிலம் வரவில்லை. அதற்குள் தலைவர் முந்திக்கொண்டு, "பகலில் அவை தூங்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நிமிஷத்தில் அவர் கற்பனைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவள் குனிந்து இலையை விலக்கினாள். மூக்கைச் சுருக்கினாள். விரலால் ஒரு புழுவைத் தொட்டுப் பார்த்தாள். அது அசையவில்லை. பிறகு நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கண்ணில் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். வருத்தப்படுகிறேன் என்று அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதும், நான் அவளுக்கு வீட்டில் காபி போட்டுக் கொடுத்திருப்பேன். பின்னாலிருந்து ஒருவன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். அடுத்து அவர்கள் ஏதோ ஓர் ஏரியைக் காப்பாற்றப் போக வேண்டும். அவள் விரலைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு, "மிகவும் சுகாதாரமாக இருக்கிறது" என்றாள். உடனிருந்தவன் அதைக் குறித்துக்கொண்டான். பாவம், அவளுக்கு மேலேயும் ஒரு மேஸ்திரி இருப்பான் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்குச் சரிகைக் கரை போட்ட நைலான் சால்வை போர்த்தினார்கள். கேடயத்தைத் தலைவர் வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மேஸ்திரி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பஸ் போய்விட்டது.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. பூவாளி கதவுக்குப் பின்னால் இருந்தது.

"பூங்காவுக்குப் போகலையா?"

"எதுக்கு?"

சங்கத்தார் தெரு முனையில் வெற்றி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், நடுவில் சால்வையோடு இவர் படம். எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸில் ஏறுகிறவர்கள் இரண்டு வகை, தலைவர்கள் ஒரு வகை, செத்துப்போனவர்கள் இன்னொரு வகை. இவர் தலைவர் இல்லை. பஸ் பிடிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு நாள் தாங்க முடியாமல், கழற்றுங்கள் அதை என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். பாராட்டியும் பிடிக்கவில்லை இந்த அம்மாவுக்கு என்றார்கள்.

தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகளைத் தேடினேன். அவர்கள் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார்களாம், இப்போது ஆமை. தங்கை மகளுக்கு ஃபோன் செய்தேன். "பெரியம்மா, அத அன்னைக்கே ஃப்ளஷ் பண்ணிட்டோம்" என்றாள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும்போது, நம்பிக்கையே இல்லாமல்தான், மீன்காரம்மாவிடம் கேட்டேன்.

"அய்யா குடுத்த புழுவா? கீதும்மா" என்றாள் அவள், சங்கராவைச் செதில் நீக்கிக்கொண்டே. "உட்டெறியலாம்னுதான் பாத்தேன். எங்கூட்டுக்காரு பாத்துட்டு, தூண்டிலுக்கு நல்லா இருக்கும்னு ஒடஞ்ச டப்புல போட்டு வளத்துகினு கீறாரு. டெய்லி கைப்புடி எடுக்கிறாரு, அது பாட்டுக்குப் பெருகிக்கினே கீது."

அன்று மதியமே குப்பத்துக்குப் போனேன். உடைந்த நீலத் தொட்டி, உள்ளே கருவேப்பிலைக் காம்பும் அழுகின கீரையும். அவள் புருஷன் தூண்டில்காரர். கொடுக்க மனசில்லாமல்தான் கொடுத்தார். "மொத்தமும் எடுத்துக்காதம்மா, நாளைக்கு கெளுத்திக்கு இன்னா பண்றது?" என்றார். இத்தனை நாளில் நான் பார்த்த நேர்மையான சுற்றுச்சூழல் பேச்சுவார்த்தை அது ஒன்றுதான். அவருக்கு வேண்டியதை அவர் வைத்துக்கொண்டார், எனக்கு வேண்டியதை எனக்குக் கொடுத்தார். யாரும் யாருக்கும் சால்வை போர்த்தவில்லை.

அதே டிபன் பாக்ஸ். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். புழு என்றால் அருவருக்கிற நான். வீட்டுக்குள் வந்து, பிரம்பு நாற்காலியின் கைப்பிடிமேல் பாக்ஸை வைத்துத் திறந்தேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வெயில்ல எடுத்துட்டு வந்தியா? ஈரம் போயிருக்குமே" என்றார். எழுந்து பூவாளியைத் தேடினார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

தொட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சாணி போட்டு, புழு விட்டு, பழையபடி ஆவதற்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. நாற்காலி மறுபடி காலியாயிற்று. அப்போதுதான் வாட்ஸ்அப்பில் மறுபடியும் ரோஜாப்பூ. முதல் குழு பார்த்ததை மதிப்பிட இரண்டாவது குழு வருகிறது.

தலைவரிடம் போய் பவுடர் கூடாது என்றேன். சொல்லியாச்சு என்றார். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "சாமி சத்தியமா தொட்டிக்குள்ள போட மாட்டேம்மா, சுத்தி மட்டும்தான்" என்றார். அவர் மனசாரச் சொன்னார். ஆனால் மூட்டைகள் வந்து இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். சத்தியத்தை நம்பலாம், மரியாதையை நம்ப முடியாது.

ஆகவே அன்று வெளிச்சம் வருவதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். தொட்டிகளுக்கு நடுவில் போட்டு, தொடைப்பக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பவுடர் கூடைகள் வந்தன, என்னைப் பார்த்துவிட்டுப் போயின. தலைவர் வந்து கெஞ்சினார், பிறகு மிரட்டினார். "மானம் போறது, எழுந்திருங்கோ" என்றார். எனக்கு மானம் தி.நகர் கிரகப்பிரவேசத்திலேயே போய்விட்டது என்றேன். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றார்.

பஸ் வந்தது. புதுக் குழு, புது முகங்கள், அதே குட்டிப் பாட்டில். கேமராவோடு வந்த ஓர் இளைஞன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். இந்தத் திட்டத்தில் உங்கள் பங்கு என்ன என்று கேட்கிறார் என்றார் தலைவர். "உங்க மரியாதைக்கு இன்னொரு தடவை இதுங்க சாகாம பாத்துக்கறதுதான்னு சொல்லுங்க" என்றேன். தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டு, விருந்தினர்களை வரவேற்பதில் இந்த அம்மாவுக்கு மிக்க மகிழ்ச்சி என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவன் சந்தோஷமாக ஒரு படம் எடுத்தான். என் வீட்டுக்காரர் சாக்கை விலக்கி ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார், உயிரோடு நெளிந்தது. அந்த நான்கு வரி ஆங்கிலமும் வந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை, எல்லோரும் அதற்குள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சில மாதம் கழித்து அவர்களுடைய அறிக்கை வந்தது. வழுவழுவென்று தடித்த தாளில் புத்தகம். தலைவர் வீடு வீடாக வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். பிரித்தால் பிளாஸ்டிக் பூசிய முழுப் பக்கத்துக்கு நான். கையில் தொடைப்பக்கட்டை, முகத்தில் கொலைவெறி. கீழே ஆங்கிலத்தில், நீடித்த வளர்ச்சியில் பெண்களின் பங்கேற்பு என்று போட்டிருந்தது. புழுவைப் பற்றியோ அதை வளர்த்தவரைப் பற்றியோ ஒரு வரி கிடையாது.

அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பழைய தையல் பிரிந்துவிடப் போகிறது என்று நான் அதட்ட வேண்டியிருந்தது. பிறகு புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, எடுத்துப் போய்த் தொட்டியில் போட்டார்.

போன வாரம் அந்தத் தொட்டியில் உரம் சலித்தார். முருங்கைக் காம்பு, தேங்காய் நார், வாழைப்பூ மடல் எல்லாம் கறுப்பு மண்ணாகியிருந்தன. சல்லடையில் ஒரு தாள் மட்டும் தங்கியது. தட்டி, கழுவி, என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரு மூலை கூடக் கரையாமல், தொடைப்பக்கட்டையோடு நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

"எத வேணா தின்னுதுங்க. இத மட்டும் தொடல" என்றார்.